பழியும் காவலும்

கண்ணையும் நெஞ்சையும் பாடாத புலவர் இல்லை. ஆனால், மனித இனம் இவ்வுலகிற்கு வந்து சேர்ந்த வழியாகிய யோனியைப் பற்றிப் பேசப் பெரும்பாலான நாட்டு மக்கள் நாணியே வந்துள்ளனர். நாணம் ஒரு பண்பாகப் போற்றப்படுவதில் தவறில்லை. எனினும், ஓர் உறுப்பின் பெயரைச் சொல்லக் கூசும் சமுதாயம் அவ்வுறுப்பின் நோயையும் மறைத்தே வைக்கும். மறைத்து வைத்த நோய்க்கு மருந்து தேடுவாரும் அரியர். பேசப்படாத இடத்தில் அறிவு புகுவதற்கு முன்பே பழி புகுந்துவிடுகிறது.

பெண்ணின் பிறப்புவழியில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் குடிகொண்டுள்ளன என்பதும், அவற்றுள் பல அவளுக்குக் காவலாக நிற்கின்றன என்பதும் இன்று மருத்துவ நூல்களில் இடம்பெற்றுவிட்ட செய்திகள். இவ்வுண்மை ஒரே நாளில் கிடைத்ததன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்கிய தேடல் 21ஆம் நூற்றாண்டிலும் தொடர்கிறது. அத்தேடலின் ஊடே பெண்ணுடலின்மீது சுமத்தப்பட்ட பழிகளும், அவை ஒவ்வொன்றாக நீங்கிய வகையும் எண்ணிப் பார்க்கத்தக்கவை.

வியன்னாவின் இரு கூடங்கள்

ஆஸ்திரிய நாட்டின் தலைநகரான வியன்னாவின் பொது மருத்துவமனையில் அக்காலத்தில் இரண்டு மகப்பேற்றுக் கூடங்கள் இயங்கின. முதற் கூடத்தில் மருத்துவ மாணவர்கள் பயிற்சி பெற்றனர்; இரண்டாம் கூடத்தில் மருத்துவச்சிகள் பயின்றனர். ஒரு நாள் வரும் கருவுற்ற மகளிர் முதற் கூடத்திலும், மறுநாள் வருவோர் இரண்டாம் கூடத்திலும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். மருத்துவமனை ஒன்று, வந்தவர்களின் வறுமையும் ஒன்று. ஆயினும், 1846ஆம் ஆண்டில் முதற் கூடத்தில் சேர்ந்த தாய்மார்களுள் நூற்றுக்குப் பதினொருவர்க்கு மேல் இறந்தனர். இரண்டாம் கூடத்திலோ நூற்றுக்கு மூவர்கூட இறக்கவில்லை. அவர்களைக் கொன்ற நோய்க்கு மகப்பேற்றுக் காய்ச்சல் என்று பெயர்.

இவ்வேறுபாட்டை முதலில் அறிந்தவர்கள் மருத்துவப் பேராசிரியர்கள் அல்லர். நகரத்து ஏழைப் பெண்களே. முதற் கூடத்திற்குரிய நாளில் வந்துவிட்டதை அறிந்த பெண்கள், தங்களை இரண்டாம் கூடத்தில் சேர்க்குமாறு மண்டியிட்டு மன்றாடினர். வரும் வழியிலே தெருவில் பிள்ளை பெற்றுவிட்டு, அதன்பின் மருத்துவமனைக்கு வந்தவர்களும் உண்டு. அவர்களிடையே இக்காய்ச்சல் குறைவாகவே காணப்பட்டது. மருத்துவமனைக்குள் பெறுவதைவிடத் தெருவில் பெறுவதே உயிர்க்குப் பாதுகாப்பு என்னும் நிலை அன்று நிலவியது.

மருத்துவர்கள் கூறிய காரணங்களோ வேறு. காற்றில் பரவும் நச்சாவி என்றனர் சிலர். தாய்ப்பால் தடைப்பட்டுக் குருதியில் கலந்துவிட்டது என்றனர் சிலர். பெண்களின் அச்சமும், ஆண் மாணவர்கள் தம்மைச் சோதிப்பதால் உண்டாகும் நாணமுமே நோயைத் தோற்றுவிக்கின்றன என்று கூறியவர்களும் இருந்தனர். இவற்றுள் பல விளக்கங்கள், இறந்தவளின் உடலையோ உள்ளத்தையோ குற்றவாளியாக்கின. தம் கைகளைக் குற்றவாளிகளாகக் கருத மருத்துவர்கள் முன்வரவில்லை.

1818ஆம் ஆண்டில் ஹங்கேரியில் பிறந்த இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் இளம் மருத்துவர் முதற் கூடத்தில் துணைவராகப் பணியாற்றி வந்தார். 1847ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவருடைய நண்பரான பேராசிரியர் கொல்லெட்ச்கா இறந்தார். பிணப் பரிசோதனையின்போது ஒரு மாணவரின் கத்தி அவர் விரலில் பட்டதே அவ்விறப்புக்குக் காரணம். அவர் உடலில் காணப்பட்ட மாற்றங்கள் மகப்பேற்றுக் காய்ச்சலால் இறந்த பெண்களின் உடல்களில் காணப்பட்டவற்றையே ஒத்திருந்தன. செம்மல்வைஸ் உண்மையை உணர்ந்தார். மாணவர்கள் காலையில் பிணவறையில் அறுத்துப் பயின்றுவிட்டு, அதே கைகளோடு மகப்பேற்றுக் கூடத்திற்கு வந்தனர். மருத்துவச்சிகளோ பிணவறைக்குச் செல்வதில்லை. இரு கூடங்களுக்கும் இருந்த வேறுபாடு அதுவே.

அவ்வாண்டு மே மாதத்தில், குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கைகளைக் கழுவிய பின்னரே தாய்மார்களைத் தொடவேண்டும் என்று அவர் விதித்தார். ஏப்ரல் மாதத்தில் 18 விழுக்காடாக இருந்த இறப்பு, ஜூன் மாதத்தில் 2 விழுக்காடளவுக்குக் குறைந்தது. 1848ஆம் ஆண்டு முழுவதையும் கணக்கிட்டபோது, முதற் கூடத்தின் இறப்பு 1.3 விழுக்காட்டிற்குள் அடங்கியது.

இவ்வளவு தெளிவான சான்று இருந்தும் பலர் அதனை ஏற்கவில்லை. அவருக்கு முன்பே, 1795ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகர மருத்துவர் அலெக்சாந்தர் கோர்டன், இந்நோயைப் பல பெண்களுக்குக் கொண்டுசென்றவர்களுள் தாமும் ஒருவர் என்று வருத்தத்தோடு எழுதியிருந்தார். 1843ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒலிவர் வெண்டல் ஹோம்ஸும் மருத்துவர் வழியாக இந்நோய் பரவுவதை எடுத்துரைத்தார். அவ்விருவரும் எதிர்ப்பையே சந்தித்தனர். செம்மல்வைஸ் தம் ஆய்வை 1861ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். 1865ஆம் ஆண்டில் மனநோய் விடுதி ஒன்றில் இறந்தார்.

லைப்சிக் நகரில் ஒரு காவலன்

செம்மல்வைஸ் கைகளில் ஒட்டிய நச்சுப் பொருளைப் பற்றிப் பேசினாரே அன்றி, அது ஓர் உயிர் என்று அறியவில்லை. 1879ஆம் ஆண்டில் பாரிசு மருத்துவக் கழகக் கூட்டத்தில் லூயி பாஸ்டர் எழுந்து, சங்கிலி போல் கோத்து நிற்கும் நுண்ணுயிர் ஒன்றைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார். மகப்பேற்றுக் காய்ச்சலின் தலையாய காரணமாகிய அக்கிருமி பின்னர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் எனப் பெயர் பெற்றது.

கிருமி கண்டறியப்பட்டதும் புதியதொரு வினா எழுந்தது. அக்கிருமி வெளியிலிருந்து வருகிறதா, பெண்ணின் உடலுக்குள்ளேயே உறைகிறதா? செருமானிய மருத்துவர்கள் சிலர், பெண் தனக்குத் தானே நோயை உண்டாக்கிக்கொள்கிறாள் என்னும் கொள்கையை முன்வைத்தனர். கைகளைத் தூய்மை செய்த பிறகும் காய்ச்சல் வருமாயின், குறை அவளிடமே இருக்கவேண்டும் என்பது அவர்கள் வாதம். அதன் விளைவாக, பேற்றுக்கு முன்னரே கிருமிநாசினிக் கரைசல்களைப் பாய்ச்சி யோனியைக் கழுவும் வழக்கம் பரவியது. பழி வேறொரு வடிவில் மீண்டும் பெண்ணுடலின்மேல் விழுந்தது.

இவ்வாதம் நிகழ்ந்த காலத்தில்தான் லைப்சிக் நகர மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் தம் ஆய்வை மேற்கொண்டார். கருவுற்ற பெண்களின் யோனிச் சுரப்பை அவர் நுண்ணோக்கியில் ஆராய்ந்து, 1892ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். நலமுள்ள பெண்களின் சுரப்பில் கோல் வடிவான நுண்ணுயிர்கள் நிறைந்திருப்பதை அவர் கண்டார். அவை லாக்டிக் அமிலத்தைச் சுரந்து அவ்விடத்தைப் புளிப்புடையதாக வைத்திருந்தன. சீழ்க் கிருமிகளை அவற்றோடு சேர்த்து வைத்தபோது, சீழ்க் கிருமிகள் வளர இயலாமல் ஒடுங்கின. கிருமி என்றாலே பகை என்று உலகம் அஞ்சிய காலத்தில், கிருமியுள்ளும் காவலன் உண்டு என்று காட்டியவர் டோடர்லைன். அக்கோலுயிர்கள் நெடுங்காலம் அவர் பெயராலேயே வழங்கின.

அதே நகரில் ஆய்வு செய்த பெர்ன்ஹார்டு குரோனிக் என்பவர் 1894ஆம் ஆண்டில் மேலும் ஓர் உண்மையைக் கண்டார். வெளியிலிருந்து புகுந்த கிருமிகளைக் கருவுற்ற பெண்களின் யோனி தானாகவே அகற்றிவிடுகிறது. கிருமிநாசினியால் கழுவினால் அந்த அகற்றும் ஆற்றல் தாமதப்படுகிறது. இதனை அறிய அவர் பெண்களின் உடலிலேயே கிருமிகளைச் செலுத்திப் பார்த்தார் என்பது இன்று படிப்போர் நெஞ்சை வருத்தும். அறிவு கிடைத்தது, அதற்கு விலை கொடுத்தவர்களின் பெயர்கள் எந்நூலிலும் இல்லை.

காவல் இயங்கும் முறை

தமிழர் இல்லங்களில் இரவில் காய்ச்சி ஆறவைத்த பாலில் சிறிது உறைமோர் ஊற்றுவர். விடிவதற்குள் பால் தயிராகிவிடுகிறது. பாலைப் புளிக்கச் செய்யும் லாக்டிக் அமில நுண்ணுயிர்களுக்கு உறவான இனமே பெண்ணின் பிறப்புவழியிலும் வாழ்கிறது. அவ்வினத்தின் பெயர் லாக்டோபாசில்லஸ்.

பெண் பருவமடையும்போது ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீர் மிகுதியாகச் சுரக்கிறது. அதன் தூண்டுதலால் யோனியின் உட்சுவர் தடித்து, அதன் உயிரணுக்களில் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருள் சேர்கிறது. உதிரும் உயிரணுக்களிலிருந்து வெளிப்படும் அம்மாவுப்பொருள் சிதைந்து நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. அவை அதற்குக் கைம்மாறாக லாக்டிக் அமிலத்தைத் தருகின்றன. புளிப்பை அளக்கப் பி.எச். என்னும் அளவு பயன்படுகிறது. அதில் 7 என்பது நடுநிலை. எண் குறையக் குறையப் புளிப்பு மிகும். நலமுள்ள நிலையில் யோனியின் பி.எச். பெரும்பாலும் 4.5க்குக் கீழே இருக்கும். நோய்க்கிருமிகள் பலவற்றால் அப்புளிப்பில் தழைக்க இயலாது.

பருவமடையாத சிறுமியிடத்தும் மாதவிலக்கு நின்ற முதுமகளிடத்தும் ஈஸ்ட்ரோஜன் குறைவாதலால் இக்காவலும் குறைகிறது. கருவுற்ற காலத்தில் அவ்வியக்குநீர் பெருகுவதால் காவல் பொதுவாக வலுவடைகிறது. இவ்வகைக் காவல் மனித இனத்திற்கே சிறப்பாக உரியது. ஆராயப்பட்ட பிற பாலூட்டிகளின் பிறப்புவழியில் லாக்டோபாசில்லஸ் மிக அரிதாகவே காணப்படுகிறது.

தூய்மையின் பெயரால்

டோடர்லைனும் குரோனிக்கும் கண்ட உண்மை மக்களைச் சென்றடையவில்லை. சென்றடைந்தவை விளம்பரங்களே. 1920ஆம் ஆண்டுகளிலிருந்து 1950ஆம் ஆண்டுகள் வரை அமெரிக்க மகளிர் இதழ்களில், தரையைத் தூய்மை செய்யும் கிருமிநாசினியான லைசால் பெண்மைத் தூய்மைக்குரிய பொருளாகவும் விளம்பரம் செய்யப்பட்டது. கணவனின் அன்பு குறைவதற்கு மனைவியின் உடல் மணமே காரணம் என்னும் கருத்தை அவ்விளம்பரங்கள் படங்களோடு பரப்பின.

அவ்விளம்பரங்களுக்குள் மற்றொரு பொருளும் மறைந்திருந்தது. 1873ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட காம்ஸ்டாக் சட்டம், கருத்தடைப் பொருள்களையும் அவை பற்றிய செய்திகளையும் அஞ்சல் வழி அனுப்புவதைத் தடை செய்திருந்தது. ஆகவே, வெளிப்படையாகக் கருத்தடை என்று சொல்ல இயலாத வணிகர்கள் பெண்மைத் தூய்மை என்னும் சொல்லைக் கையாண்டனர். பெண்களும் குறிப்பறிந்து வாங்கினர். அக்கரைசல் கருவைத் தடுக்கவும் இல்லை. தூய்மையைத் தரவும் இல்லை. மென்மையான உட்சுவர் வெந்து புண்ணானதும், நஞ்சேறி உயிரிழந்ததுமே சிலர் கண்ட பயன்.

இன்றைய மருத்துவம் இதில் ஐயத்திற்கு இடம் வைக்கவில்லை. யோனியின் உட்புறத்தைக் கழுவும் பழக்கம் காவல் நுண்ணுயிர்களைக் குலைக்கிறது. புறத்தை நீரால் கழுவுவதே போதுமானது. உட்புறம் தன்னைத்தானே தூய்மை செய்துகொள்ளும். 1894ஆம் ஆண்டில் ஆய்வகத்தில் அறியப்பட்ட இவ்வுண்மையை, ஒரு நூற்றாண்டு கடந்த பின்னும் மருத்துவர்கள் மகளிர்க்கு எடுத்துக் கூறவேண்டியுள்ளது.

ஒரு கிருமியா, ஒரு கூட்டமா?

வெள்ளைப்படுதல் என்று தமிழ் மகளிர் கூறும் கசிவு ஓரளவுக்கு இயல்பானதே. ஆனால், அது நிறம் மாறி, மீன் நாற்றம் போன்ற மணத்தோடு வெளிப்படுமாயின் நோயின் அடையாளமாகலாம். உடற்சூட்டினால் வருவது என்று சொல்லி அதனைப் பொறுத்துக்கொள்ளும் வழக்கம் தமிழரிடையே உண்டு. மேலைநாட்டு மருத்துவமும் நெடுங்காலம் அதற்குக் காரணம் அறியாமலே இருந்தது.

1955ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர மருத்துவர் ஹெர்மன் கார்ட்னரும் சார்லஸ் டியூக்ஸும் இந்நோய்க்குரிய கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தனர். அக்கிருமிக்கு 1980ஆம் ஆண்டில் கார்ட்னெரெல்லா என்று கார்ட்னரின் பெயரே சூட்டப்பட்டது. ஒரு நோய்க்கு ஒரு கிருமி என்பது அக்காலத்து நம்பிக்கை. ஆனால், அவர்கள் செய்த சோதனையே அந்நம்பிக்கையை அசைத்தது. தனித்து வளர்த்த அக்கிருமியை 13 பெண்களிடத்துச் செலுத்தியபோது ஒருவருக்கு மட்டுமே நோய் வந்தது. நோயுற்றவரின் சுரப்பை அப்படியே 15 பெண்களிடத்துச் செலுத்தியபோதோ 11 பேருக்கு நோய் வந்தது. இத்தகைய சோதனையை இன்றைய மருத்துவ அறம் ஒருபோதும் ஏற்காது. அதன் முடிவு சுட்டிய உண்மை, நோயை விளைப்பது ஒரு கிருமியன்று, நுண்ணுயிர்க் கூட்டத்தின் மாற்றம் என்பதாகும். அவ்வுண்மை தெளிவாகப் புலப்பட மேலும் பல ஆண்டுகள் சென்றன.

1983ஆம் ஆண்டில் ஆம்செல் என்பவரும் அவர் குழுவினரும் இந்நோயை அறிவதற்குரிய நான்கு அடையாளங்களை வகுத்தனர். புளிப்புக் குறைந்து பி.எச். 4.5க்கு மேல் உயர்வது அவற்றுள் ஒன்று. 1984ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோமில் கூடிய அறிஞர்கள் இந்நோய்க்குப் பாக்டீரியல் வஜினோசிஸ் என்னும் பெயரை உறுதி செய்தனர். அழற்சியைக் குறிக்கும் பழைய பெயரை அவர்கள் கைவிட்டமைக்குக் காரணம் உண்டு. இங்கே பகைவன் படையெடுத்து வந்ததால் உண்டாகும் அழற்சி இல்லை. காவலர் குறைந்து, அவர்தம் இடத்தில் காற்றில்லாமல் வாழும் பலவகை நுண்ணுயிர்கள் பெருகிவிடுகின்றன. குடியிருப்பின் நிலைகுலைவே நோயாகிறது.

மெட்ரோனிடசோல் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி இந்நோயைத் தணிக்கும் என்பது 1978ஆம் ஆண்டில் தெரியவந்தது. ஆனால், தணிந்த நோய் மீண்டும் வந்தது. 2006ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் வெளியான ஓர் ஆய்வின்படி, மருந்துண்ட பெண்களுள் 58 விழுக்காட்டினர்க்கு ஓராண்டிற்குள் நோய் திரும்பியது. பகைவரை ஒழித்தால் மட்டும் போதாது. காவலர் மீண்டும் குடியேறவேண்டும் என்பது இதனால் புலனாயிற்று.

இயல்பு என்பது எது?

டோடர்லைன் கண்டது ஒரே வகை நுண்ணுயிர் என்றே பலர் கருதியிருந்தனர். 1980ஆம் ஆண்டில் மரபுப்பொருளாகிய டி.என்.ஏ.யை ஒப்பிட்டு நோக்கியபோது, ஒரே பெயரால் வழங்கியவை பல இனங்கள் என்பது தெரிந்தது. 1999ஆம் ஆண்டில் பெயரிடப்பட்ட லாக்டோபாசில்லஸ் ஐனர்ஸ் என்னும் இனம், அவ்வினத்தாரை வளர்க்க வழக்கமாகப் பயன்படும் ஊடகத்தில் வளர மறுப்பது. அதனால் நுண்ணோக்கிக்கும் வளர்ப்புத் தட்டுக்கும் தப்பி அது நெடுங்காலம் அறியப்படாமலே இருந்தது.

2011ஆம் ஆண்டில் ஜாக் ராவெல் என்னும் அறிஞர் தலைமையில் அமெரிக்காவில் வெளியான ஆய்வு இத்துறையில் ஒரு திருப்பம். வெள்ளையர், கறுப்பர், இசுபானிய வழியினர், ஆசியர் என்னும் நான்கு பிரிவுகளைச் சேர்ந்த 396 நலமுள்ள பெண்களின் நுண்ணுயிர்களை டி.என்.ஏ. வழியே அக்குழு ஆராய்ந்தது. அப்பெண்களின் நுண்ணுயிர்க் குடியிருப்புகள் ஐந்து வகைகளில் அடங்கின. நான்கு வகைகளில் ஒவ்வோர் இன லாக்டோபாசில்லஸ் ஆட்சி செலுத்தியது. ஐந்தாம் வகையில் அவ்வாட்சி இல்லை. பலவகை நுண்ணுயிர்கள் கலந்து வாழ்ந்தன. கிரிஸ்பாட்டஸ் என்னும் இனம் ஆண்ட வகையிலேயே புளிப்பு மிகுந்திருந்தது.

வெள்ளையர், ஆசியர் ஆகியோருள் பத்தில் எட்டுப் பேர்க்குக் குறையாமல் லாக்டோபாசில்லஸ் ஆட்சி இருந்தது. கறுப்பர், இசுபானிய வழியினர் ஆகியோருள் பத்தில் ஆறு பேரிடத்தே அது காணப்பட்டது. எஞ்சியோரும் நோயாளிகள் அல்லர், நலமோடு இருந்தவர்களே. புளிப்புடைய சுரப்பே இயல்பு, மற்றது நோய் என்று டோடர்லைன் வகுத்த எல்லை இங்கே மங்கிவிடுகிறது. ஒரு கூட்டத்தாரை மட்டும் அளந்து அதனை மனித குலத்தின் இயல்பென்று விதித்தால், பிறரெல்லாம் நோயாளிகளாகத் தோன்றுவர். அதேவேளையில், ஐந்தாம் வகையினர்க்குச் சில நோய்களின் ஏதம் மிகுதி என்பதையும் மறைத்தல் கூடாது. வேறுபாட்டைக் குறையெனத் தூற்றாமலும், ஏதத்தை இல்லையென மறைக்காமலும் உண்மையை உரைப்பதே அறிவியலின் கடமையாகிறது.

கருவும் காவலும்

இந்நுண்ணுயிர்களின் நிலை பெண்ணோடு நின்றுவிடுவதன்று. 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 10,397 கருவுற்ற பெண்களை ஆராய்ந்து வெளியிட்ட ஆய்வு, மேற்கூறிய நிலைகுலைவு உள்ளவர்களுக்கு எடை குறைந்த குழந்தை குறைமாதத்தில் பிறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 1.4 மடங்கு என்று காட்டியது. அவ்வாறாயின் நோய்க்குறி இல்லாத கருவுற்ற மகளிர்க்கும் நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்துவிடலாமே என்று தோன்றும். 2000ஆம் ஆண்டில் வெளியான பெருஞ்சோதனை ஒன்றில் அவ்வாறு கொடுத்துப் பார்த்தனர். குறைப்பேறு குறையவில்லை. இரண்டு நிகழ்ச்சிகள் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்றை நீக்கினால் மற்றது நீங்கும் என்று முடிவு செய்தல் ஆகாது என்பதற்கு இது நல்ல சான்று.

எச்.ஐ.வி. தொற்றிலும் இக்காவலின் பங்கு வெளிப்பட்டது. 2010ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாநிலத்தில் 889 பெண்களிடையே நிகழ்ந்த சோதனை, டெனோபோவிர் என்னும் மருந்து கலந்த களிம்பு தொற்றை 39 விழுக்காடு குறைத்ததாக அறிவித்தது. மருந்து ஏன் சிலரைக் காத்தது, சிலரைக் கைவிட்டது? விடை 2017ஆம் ஆண்டில் கிடைத்தது. லாக்டோபாசில்லஸ் ஆட்சி உள்ள பெண்களிடையே அம்மருந்து 61 விழுக்காடு காப்பளித்தது. ஏனையோரிடையே 18 விழுக்காடே காப்பளித்தது. கார்ட்னெரெல்லா முதலிய நுண்ணுயிர்கள் அம்மருந்தையே உட்கொண்டு சிதைத்துவிட்டன. மருந்தை மறந்துவிட்டார்கள் என்று பெண்கள்மீது மட்டும் குறைகூறியிருப்பின், இவ்வுண்மை வெளிவந்திராது.

காவலரை மீண்டும் குடியேற்றும் முயற்சியும் தொடங்கியுள்ளது. 2020ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்கச் சோதனையில், மருந்துண்டு நோய் தணிந்த பெண்களுள் ஒரு சாரார்க்கு உயிருள்ள கிரிஸ்பாட்டஸ் நுண்ணுயிர் அளிக்கப்பட்டது. பன்னிரண்டு வாரங்களுக்குள் நோய் திரும்பியவர்கள் அவர்களுள் 30 விழுக்காடு. வெறும் பொடி பெற்றவர்களுள் 45 விழுக்காடு. இது முழு வெற்றியன்று. எனினும் நம்பிக்கை தரும் தொடக்கம். தயிரிலும் நுண்ணுயிர் உண்டே என்று கருதி, அதனைத் தாமாகவே மருந்தாக உள்ளே இடுவது இச்சோதனைக்கு ஒப்பாகாது. தயிரில் உள்ள இனம் வேறு. இக்காவல் இனம் வேறு.

பழி நீங்கும் காலம்

நோய் திரும்பத் திரும்ப வருவதற்கு மற்றொரு காரணம் இருக்கலாம் என்று ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகர ஆய்வாளர்கள் எண்ணினர். நோய் பெண்ணிடம் தோன்றுவதால் மருந்தையும் பெண்ணுக்கே கொடுத்து வந்தனர் மருத்துவர்கள். அவளுடைய துணைவனின் உடலிலும் அந்நுண்ணுயிர்கள் தங்கியிருந்தால், அவள் மட்டும் மருந்துண்டு என்ன பயன்? முற்காலச் சோதனைகள் சில ஆண்களுக்கு வாய்வழி மருந்தை மட்டும் கொடுத்துப் பயன் காணாமல் முடிந்திருந்தன. மெல்பர்ன் குழுவினர் வாய்வழி மருந்தோடு தோலில் பூசும் களிம்பையும் ஏழு நாள்கள் ஆண்களுக்குக் கொடுத்தனர்.

164 இணையர்கள் பங்குகொண்ட அச்சோதனையின் முடிவு 2025ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்த குழுவில் பன்னிரண்டு வாரங்களுக்குள் 63 விழுக்காட்டினர்க்கு நோய் திரும்பியது. ஆணுக்கும் மருந்து கொடுத்த குழுவில் 35 விழுக்காட்டினர்க்கே திரும்பியது. வேறுபாடு மிகத் தெளிவாக இருந்தமையால், சோதனையைக் குறித்த காலத்திற்கு முன்பே நிறுத்திவிட்டனர்.

1847ஆம் ஆண்டையும் 2025ஆம் ஆண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போர்க்கு ஓர் ஒற்றுமை தோன்றாமல் போகாது. வியன்னாவில் தாய்மார்கள் இறந்தபோது குற்றம் அவர்களுடைய பால்மீதும் அச்சத்தின்மீதும் நாணத்தின்மீதும் சுமத்தப்பட்டது. நோயைச் சுமந்து வந்தவையோ மருத்துவரின் கைகள். இருபதாம் நூற்றாண்டில் நோய் மீண்டும் மீண்டும் வந்தபோது, பெண் தூய்மையற்றவள் எனத் தன்னைத்தானே நொந்துகொண்டாள். அந்நோயில் அவள் துணைவனுக்கும் பங்குண்டு என்பதை மெல்பர்ன் சோதனை காட்டியது. இரு காலத்திலும் தேடல் பெண்ணுடலோடு நின்றுவிட்டதால் காரணத்தின் ஒரு பாதி கண்ணுக்குப் புலப்படவில்லை.

மண்டியிட்டு மன்றாடிய வியன்னாப் பெண்களிடம் நுண்ணோக்கி இல்லை. இருந்தும் எந்தக் கூடத்தில் சாவு இருக்கிறது என்று அவர்கள் அறிந்திருந்தனர். அவர்கள் சொல்லைச் செவிமடுத்து அன்றே காரணம் தேடியிருந்தால், எத்தனையோ தாய்மார்கள் தம் குழந்தைகளை வளர்த்திருப்பர். இன்றும் தன் உடலில் ஏதோ மாறுதல் என்று தாயிடமோ ஆசிரியையிடமோ தயங்கித் தயங்கிச் சொல்லும் பெண் ஒருத்தி இருக்கவே செய்வாள். அவளுக்கு முதலில் வேண்டுவது கண்டிப்பும் அன்று, கிருமிநாசினியும் அன்று. அவள் கூறுவதை முகம் சுளிக்காமல் கேட்டு, மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் ஒருவரே அவளுக்குத் தேவை. உறுப்புக்கு உரிய பெயரை உரிய இடத்தில் கூசாமல் சொல்லக் கற்றுக்கொடுக்கும் வகுப்பறையில் அந்தத் துணிவு அவளுக்குப் பிறக்கும்.